பிரேக் ஆயில் இறங்குகிறது, தரையில் சொட்டு இல்லை: கசிவை எங்கே தேடுவது?

கேள்வி சுருக்கமாக இது. 2013 மாடல் சின்ன பெட்ரோல் கார், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வளைவில் திரும்பும்போது டாஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது. இரண்டு மாதம் முன்பு மெக்கானிக் பிரேக் ஆயில் டப்பாவை மேல் கோடு வரை நிரப்பிக் கொடுத்தார். இப்போது மறுபடி கீழ்க் கோட்டுக்கு வந்துவிட்டது. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை, பெடலிலும் வித்தியாசம் தெரியவில்லை. "கொஞ்சம் ஊத்திக்கிட்டு ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்கிறார் மெக்கானிக். ஓட்டலாமா?

கூடாது. இந்த ஆயில் என்ஜின் ஆயில் மாதிரி எரிந்து குறைவதில்லை, வைப்பர் தண்ணீர் மாதிரி செலவாவதும் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அழுத்தத்தை மட்டும் கடத்திக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. மட்டம் இறங்க இரண்டே காரணங்கள்தான்: டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் முன் பேட் தேய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆயில் வெளியே போயிருக்க வேண்டும். உங்கள் வண்டியில் எது என்பதை ஸ்பானரைத் தொடாமலே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

பேட் தேயத் தேய, அதை டிஸ்கில் அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து நிற்கும். அது விட்டுவந்த இடத்தை ஆயில் நிரப்பும். சின்னக் கார்களில் இந்தப் பிஸ்டன் ஏறக்குறைய 50 மி.மீ. விட்டம், அதன் முகப் பரப்பு சுமார் 20 சதுர செ.மீ. புது பேட்டில் 10 மி.மீ. லைனிங் (உரசித் தேயும் பகுதி) இருந்து அது 2 மி.மீ. ஆகும்வரை ஓட்டினால், உள் பேட் 8, வெளிப் பேட் 8 என்று பிஸ்டன் மொத்தம் 16 மி.மீ. நகர்ந்திருக்கும். அதாவது ஒரு சக்கரத்துக்கு 32 மி.லி., இரண்டுக்கும் 64 மி.லி. மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே இடம் விட்டிருப்பதே பெரும்பாலும் இந்தத் தேய்மானத்துக்காகத்தான். ஒரு செட் பேட் 40,000 கி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 2,000 கி.மீ. ஓட்டியிருந்தால் பேட் தேய்மானத்தால் இறங்க வேண்டியது 3 மி.லி. சொச்சம். டப்பாவில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. உங்களுக்கோ மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோடு வரை இறங்கியிருக்கிறது. அந்த ஆயில் எங்கேயோ வெளியேதான் போகிறது.

வளைவில் மட்டும் விளக்கு எரிவதற்கும் இதுதான் காரணம். டப்பாவுக்குள் ஒரு மிதவை, அதில் ஒரு காந்தம், அடியில் ஒரு சுவிட்ச். மட்டம் எல்லையில் நிற்கும்போது வண்டி திரும்பினால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், மிதவை தாழும், விளக்கு எரியும். நேராக ஓடினால் அணைந்துவிடும். மேட்டில் ஏறும்போதும் சடாரென்று பிரேக் அடிக்கும்போதும் இதே கதை. ஒயர் கோளாறாக இருக்கும் என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. ஒயர் கோளாறும் உண்டுதான். ஹேண்ட் பிரேக் சரியாக இறங்காமல் இருந்தாலும் இதே விளக்குதான் எரியும். ஆனால் டப்பாவில் மட்டமும் குறைந்திருக்கும்போது ஒயரைச் சந்தேகிப்பதில் அர்த்தமில்லை.

தேடுவதற்கு முன்னால் வண்டியை நகர்த்தலாமா என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். என்ஜினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். முதலில் ஓர் அழுத்து, பிறகு ஒரே இடத்தில் கல்லாக நின்றால் பக்கத்துப் பட்டறைவரை மெதுவாகப் போகலாம். கால் அடியில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனாலோ, பஞ்சு மாதிரி அமுங்கினாலோ, இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிடித்தாலோ சாவியை எடுத்துவிட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். "ரெண்டு சர்க்யூட் இருக்கே, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கும்" என்று சிலர் தைரியம் சொல்வார்கள். உண்மைதான். பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு அறைகள், டப்பாவிலும் கீழ்ப்பக்கம் ஒரு தடுப்பு. முன்சக்கர இழுவைக் கார்களில் பெரும்பாலும் ஓர் அறை இடது முன், வலது பின் சக்கரங்களுக்கு, மற்றது வலது முன், இடது பின்னுக்கு. ஒன்று வடிந்தாலும் மற்றது வேலை செய்யும். ஆனால் பெடல் பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் பிடிக்கும், பிடிப்பும் பாதிதான். அந்த ஏற்பாடு வண்டியை ஓரம் கட்டுவதற்குத்தான், அதை நம்பி ஊருக்குப் போவதற்கு அல்ல. ஹேண்ட் பிரேக் கேபிளில் ஓடுவது, அதற்கு ஆயில் தேவையில்லை. ஆனால் கசிவு பின் டிரம்முக்குள் இருந்தால் லைனிங் ஆயிலில் ஊறி ஹேண்ட் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

இன்னொன்று, தேடி முடிக்கும்வரை வண்டியைச் சர்வீஸ் ஸ்டேஷனில் கழுவக் கொடுக்காதீர்கள். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைவது. என்ஜின் ஆயில் கசிந்தால் கறுப்பாகத் தூசியோடு ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் சாட்சி சொல்லும். பிரேக் ஆயில் கசிந்த தடம் ஒரு மழைத் தண்ணீரில், ஒரு பிரஷர் வாஷில் காணாமல் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் தினம் தேங்கிய தண்ணீரில் ஓடும் வண்டியில் டயர் ஓரம் சுத்தமாக இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கழுவி, துடைத்து, பளபளப்பாகக் காட்டும் வண்டியில் கசிவு தேடுவதைவிட அழுக்கு வண்டியில் தேடுவது எளிது.

ஈரம் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அது பிரேக் ஆயில்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். விரல் நுனியில் தொட்டுத் தேய்த்தால் தண்ணீரைவிட வழுவழுப்பு, என்ஜின் ஆயிலைவிட மெலிசு. புதிதாக இருந்தால் வெளிர் மஞ்சள், பழசென்றால் டீத் தண்ணீர் நிறம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். கரைந்து மறைந்தால் பிரேக் ஆயிலாக இருக்க வாய்ப்பு அதிகம். மேலே வளையம் வளையமாக மிதந்தால் என்ஜின் ஆயிலோ கியர் ஆயிலோ ஷாக் அப்சார்பர் ஆயிலோ. கூலண்டும் தண்ணீரில் கரையும், ஆனால் அது பச்சை, சிவப்பு என்று பளிச்சென்று நிறம் காட்டும். பார்த்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, எரிச்சல் நின்றாலும் டாக்டரைப் பாருங்கள். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், விட்டால் பெயிண்டை உரித்துவிடும்.

இந்தக் கடைசிக் குணம் தேடுவதற்கும் உதவும். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் ஆயில் டப்பா, அதற்குக் கீழே மாஸ்டர் சிலிண்டர், அதற்குப் பின்னால் கறுப்புத் தட்டு மாதிரி, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பெரிய பூஸ்டர். மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடத்துக்கு நேர் கீழே, பூஸ்டரின் முகத்தில், கறுப்புப் பெயிண்ட் கொப்பளித்து, சுருங்கி, உரிந்து ஒரு கோடு கீழ்நோக்கிப் போகிறதா? அப்படியென்றால் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போய்விட்டது. ஈரம் இன்று இல்லாவிட்டாலும் உரிந்த பெயிண்ட் பொய் சொல்லாது.

ஆனால் அதே இடத்தில் பெயிண்ட் உரிந்திருந்து, கசிவே இல்லாத வண்டிகளும் உண்டு. பேட் பாதி தேய்ந்த நிலையில் யாரோ ஆயிலை மேல் கோடு வரை நிரப்பிவிடுகிறார்கள். அப்புறம் புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். முன்பே சொன்ன 32, 64 மி.லி. திரும்பி டப்பாவுக்கு வரும். இடமில்லாமல் மூடி வழியாகப் பொங்கி வழியும். இது கசிவு அல்ல, நிரப்பியவரின் கைவேலை. இரண்டையும் பிரிப்பது சுலபம்: பொங்கி வழிந்தது டப்பாவின் மேல்பக்கத்திலிருந்தே தடம் விடும். சீல் கசிவு டப்பாவைத் தொடாமல் அதற்குப் பின்னால், பூஸ்டர் மூட்டிலிருந்து ஆரம்பிக்கும். பேட் தடிமனைப் பார்க்காமல் ஆயிலை மட்டும் ஏற்றிவிடும் பழக்கத்தில் இன்னொரு கெடுதலும் உண்டு. பேட் தேய்ந்துவிட்டது என்று சொல்ல வந்த விளக்கின் வாயை மூடிவிடுகிறோம்.

டப்பா சிலிண்டரில் உட்காரும் இடத்தில் இரண்டு ரப்பர் வளையங்கள் இருக்கும். பழைய வண்டியில் அவை விறைத்துப்போய்ச் சுற்றிலும் ஈரம் காட்டும். மலிவான ரிப்பேர், ஆனால் பலர் இதைப் பார்த்துவிட்டு மாஸ்டர் சிலிண்டரையே மாற்றச் சொல்வார்கள். வளையம்தானா என்று கேளுங்கள்.

இனி, தரையில் சொட்டே விழாமல் ஆயில் மறையக்கூடிய இடங்கள். உங்கள் கேள்வியின் மையம் இதுதான். என் கணிப்பில் முதல் சந்தேகம் பின் டிரம், இரண்டாவது பூஸ்டரின் உள்பக்கம்.

பூஸ்டரை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் வண்டியைத் தூக்கத் தேவையில்லை. மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் கசிந்தால் ஆயில் எப்போதும் வெளியே வழிய வேண்டும் என்றில்லை. பூஸ்டருக்குள் வெற்றிடம், அது கசியும் ஆயிலை உள்ளே இழுத்து அடியில் தேக்கி வைத்துக்கொள்ளும். சில சமயம் வேக்குவம் ஹோஸ் வழியாக என்ஜினுக்கே அனுப்பி எரித்துவிடும், சைலன்ஸரில் வெள்ளைப் புகை வரும். ஆயில் மாயமாய்ப் போகிறது, எங்கும் ஈரமில்லை என்று வருகிற வண்டிகளில் ஒரு பங்கு இது. என்ஜினை அணைத்துப் பெடலை நாலைந்து முறை மிதித்துவிட்டு, பூஸ்டரில் செருகியிருக்கும் ஹோஸைக் கழற்றுங்கள். ஹோஸின் வாயும் வால்வும் உலர்ந்திருக்க வேண்டும். வால்வு துளை வழியாக ஒரு நீளமான கேபிள் டையை அடிவரை விட்டு எடுத்துப் பாருங்கள். நுனி நனைந்து வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். பட்டறையில் என்றால் இன்னும் நேரடி வழி இருக்கிறது: மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டைக் கழற்றி, குழாய்களைப் பிரிக்காமல் அது இடம் கொடுக்கும் அளவுக்கு மட்டும் முன்னால் இழுத்தால் பின்வாய் தெரியும். நனைந்திருந்தால் சிலிண்டர் மாற்ற வேண்டும். பூஸ்டருக்குள் ஆயில் நெடுநாள் தேங்கியிருந்தால் அதன் ரப்பர் திரையையும் சந்தேகிக்க வேண்டும்.

சில கார்களில் கிளட்சும் ஹைட்ராலிக், அதற்கும் பிரேக் டப்பாவிலிருந்தே ஒரு ரப்பர் குழாய் போகும். அப்படி இருந்தால் கிளட்ச் பெடலுக்கு மேலே, உள்பக்கம், ராடில் ஈரம் இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். பெடலுக்கு நேர் கீழே மேட் நனைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கியர்பாக்ஸ் பக்கத்தில் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கசிந்தாலும் பிரேக் ஆயில்தான் இறங்கும். கிளட்ச் கேபிளில் ஓடும் வண்டி என்றால் இதைத் தாண்டிப் போகலாம்.

இப்போது சக்கரங்கள். சமதரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கியதும் ஸ்டாண்ட் கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே தலையை விடாதீர்கள். நான்கு டயர்களின் உள்பக்கச் சுவரையும் பாருங்கள், வெளிப்பக்கம் அல்ல. கசிந்த ஆயில் சுழற்சியில் சிதறி உள்பக்க ரப்பரில் ஈரக் கோடுகளாகவோ, தூசி ஒட்டாமல் கறுத்துப் பளபளக்கும் திட்டாகவோ தெரியும்.

முன்சக்கரத்தில் பார்க்க வேண்டியவை நான்கே. ஹோஸ், அது காலிப்பரில் சேரும் போல்ட்டின் செம்பு வாஷர்கள், காற்று எடுக்கும் நிப்பிள், பிஸ்டனைச் சுற்றிய ரப்பர். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள். மேலே சின்னச் சின்ன வெடிப்பு இருந்தால் மாற்றும் நேரம். எங்காவது குமிழ் மாதிரி உப்பியிருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். பிஸ்டன் சீல் கசிந்தால் பேட் நனைந்து அந்தப் பக்கப் பிடிப்பு குறையும், பிரேக் அடிக்கும்போது வண்டி எதிர்ப்பக்கம் இழுக்கும். முன்பக்கக் கசிவு பெரும்பாலும் தரையில் சொட்டிக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் உங்கள் வண்டியில் நான் முன்பக்கத்தைக் கடைசிக்குத் தள்ளுகிறேன்.

பின் டிரம் அப்படியல்ல. அது ஒரு மூடிய சட்டி. உள்ளே ஷூக்களை விரித்து டிரம்மில் அழுத்தும் வீல் சிலிண்டர் கசிந்தால் ஆயில் பிரேக் தூசியோடு குழைந்து, லைனிங்கில் ஊறி, அங்கேயே கிடக்கும். நிரம்பி வழிந்து பின்தட்டு வழியாக வெளியே வர நாளாகும். இரண்டு மாதத்தில் சில பத்து மி.லி. என்ற கணக்குக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

டிரம்மைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கை இறக்கி, முன்சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஃபர்ஸ்ட் கியரில் விடுங்கள். டிரம் துருவில் பிடித்துக்கொண்டிருந்தால் சுத்தியலால் அடித்து நொறுக்க வேண்டாம். பல கார்களில் டிரம் முகத்திலேயே இரண்டு மரைத் துளைகள் இருக்கும். அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளைப் போட்டு மாற்றி மாற்றி முறுக்கினால் தானாக வெளியே வரும். ஹப்போடு சேர்ந்த டிரம் என்றால் நடு நட்டை எடுக்க வேண்டும்; திரும்ப முறுக்கும்போது கையேட்டில் சொன்ன டார்க் (முறுக்கும் விசை) முக்கியம், அதற்கு வசதி இல்லையென்றால் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதுவதோ கம்ப்ரஸர் காற்றால் அடிப்பதோ கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் பெடலைத் தொடக் கூடாது. தொட்டால் வீல் சிலிண்டர் பிஸ்டன்கள் இரண்டும் வெளியே துள்ளி விழும், இல்லாத கசிவும் உண்டாகிவிடும்.

மேல்பக்கம், இரண்டு ஷூக்களின் நடுவே, விரல் நீளத்தில் ஓர் இரும்பு உருளை. அதுதான் வீல் சிலிண்டர். இரண்டு முனையிலும் ரப்பர் தொப்பி. சின்ன டெஸ்டர் முனையால் தொப்பியின் விளிம்பை மெல்ல நெம்பிப் பாருங்கள். உள்ளே உலர்ந்து தூசியாக இருந்தால் நல்லது. விரலில் ஒட்டும் அளவு லேசான ஈரம் பழைய சிலிண்டரில் இருக்கலாம், அதைக் குறித்து வைத்துக்கொண்டு கவனிக்கலாம். விளிம்பைத் தூக்கியதும் ஒரு சொட்டு திரண்டு உருண்டு கீழே ஓடினால் சந்தேகமே வேண்டாம், அந்த சிலிண்டர் முடிந்தது. லைனிங்கின் மேல்முனை மற்ற இடத்தைவிடக் கறுத்து, தூசி சேறாகி இருப்பதும் அதைத்தான் சொல்லும். இரண்டு பக்கமும் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் போயிருந்தால் அதே வயதுள்ள மறுபக்கமும் நெருங்கிக்கொண்டிருக்கும்.

ஆம்னி, பொலிரோ, பழைய அம்பாசடர் போலப் பின்சக்கர இழுவை வண்டிகளில் இங்கே ஒரு குழப்பம் வரும். பின் ஆக்ஸிலின் ஆயில் சீல் போனாலும் டிரம் உள்ளே நனையும். அது கியர் ஆயில். கெட்டியாக, குமட்டும் நாற்றத்தோடு, தண்ணீரில் மிதக்கும். டப்பாவில் மட்டம் குறையாமல் டிரம் மட்டும் நனைந்திருந்தால் அதுதான்.

"பட்டறையில் பெடலை நல்லா பம்ப் அடிச்சுப் பாத்தாங்க, எங்கேயும் ஒழுகல" என்று சொல்வீர்கள். வீல் சிலிண்டருக்குள் இருப்பது கிண்ணம் போன்ற ரப்பர். பெடலை மிதிக்கும்போது ஆயிலின் அழுத்தமே அதன் விளிம்பை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். அதனால் அழுத்தம் இருக்கும்போது அடைப்பு பலமாகிறது. இரவில் வண்டி நிற்கும்போது அழுத்தம் இல்லை, விளிம்பு தளர்கிறது, டப்பாவின் உயரத்திலிருந்து ஆயில் மெதுவாகக் கசிந்து இறங்குகிறது. தேய்ந்த ரப்பர் மிதிக்கும்போது கசியாமல் நிற்கும்போது கசியும். பம்ப் அடித்துப் பார்த்த சோதனை இதைப் பிடிக்காது. இரும்புக் குழாயில் ஊசித் துளை, ஹோஸில் வெடிப்பு போன்றவை நேர் எதிர். அழுத்தம் ஏறினால்தான் பீய்ச்சும். எனவே சோதனை இரண்டும் வேண்டும். ஒருவர் உட்கார்ந்து ஓங்கி மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கண்ணாடி அணிந்துகொண்டு கீழே பார்ப்பது ஒன்று. எல்லா மூட்டுகளையும் துடைத்து, ஒவ்வொன்றிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, இரவு முழுக்க விட்டுக் காலையில் எடுத்துப் பார்ப்பது மற்றது.

அடியில் ஓடும் இரும்புக் குழாய்களைக் கடைசியாகப் பாருங்கள். துரு ஆரம்பிப்பது குழாய் நடுவில் அல்ல, பாடியில் அதைப் பிடித்திருக்கும் கிளிப்புக்குள். அங்கேதான் சேறும் ஈரமும் தங்கும். பெட்ரோல் டேங்குக்கு மேலே போகும் பகுதியும் பின் ஆக்ஸில் மேல் வளையும் பகுதியும் அதே மாதிரி. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளப் பக்கம் ஓடும் வண்டிகளிலும், கடற்கரையை ஒட்டி நிறுத்தும் சென்னை வண்டிகளிலும் இதை முதலிலேயே பார்க்கலாம். மேலோட்டமான துரு துணியால் துடைத்தால் போய்விடும். செதில் செதிலாக உரிந்து, விரலுக்குக் குழியாகத் தட்டுப்பட்டால் அந்தத் துண்டை மட்டும் ஒட்டுப்போட விடாதீர்கள். பித்தளை வெல்டிங் வைத்து அடைத்துத் தருகிறேன் என்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஓங்கி மிதிக்கும்போது அந்தக் குழாயில் ஏறும் அழுத்தம் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல முப்பது, நாற்பது மடங்கு. முழுக் குழாயையும் மாற்ற வேண்டும், முனைகளை அதற்கான கருவியால் இரட்டையாக மடித்திருக்க வேண்டும்.

பெடல் இறங்குகிறது, ஆனால் மட்டம் குறையவே இல்லை என்பது வேறு நோய். மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து ஆயில் பின்வாங்கி டப்பாவுக்குத் திரும்புகிறது. உங்கள் வண்டியில் அது இல்லை.

கண்டுபிடித்த பிறகு ரிப்பேர் பற்றிச் சில வார்த்தை. வீல் சிலிண்டருக்கு ரப்பர் கிட் மட்டும் மாற்றித் தருகிறேன் என்பார்கள். அந்தக் காலத்தில் அது சரி. இன்று என் பரிந்துரை முழு சிலிண்டர், இரண்டு பக்கமும். ரப்பர் கிழிவதற்குப் பெரும்பாலும் காரணம் உள்சுவரில் துரு அரித்த குழி. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம் தாழ்ந்த இடத்துச் சிலிண்டரில் சேர்ந்து அரிக்கும். குழியுள்ள சுவரில் புது ரப்பர் நெடுநாள் தாங்காது. ஆயிலில் ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளில் தேய்த்துத் திரும்பப் போடுவதும் கூடாது. ஊறியது சூடானதும் மறுபடி வெளியே வரும். ஷூ இரண்டு பக்கமும் செட்டாக மாற்றுங்கள். செம்பு வாஷர்களைப் பிரித்தால் புதிது போடுங்கள். குழாய் நட்டுகளுக்கு ஃப்ளேர் நட் ஸ்பானர் வேண்டும். சாதாரண ஓப்பன் ஸ்பானர் அதன் மூலைகளை மழுக்கிவிட்டால் அரை மணி வேலை குழாய் மாற்றும் வேலையாகிவிடும்.

மூடியைத் திறக்கும்போது அதன் உள் ரப்பர் உப்பிக் குழைந்திருந்தால் உஷாராகுங்கள். யாரோ என்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ இதில் ஊற்றியிருக்கிறார்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் வீங்கும். அப்படியானால் ஒரு சிலிண்டரை மாற்றி முடியாது. மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், காலிப்பர் சீல், வீல் சிலிண்டர் என்று ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்றி, குழாய்களையும் அலச வேண்டும். செலவைக் கேட்டால் மயக்கம் வரும், ஆனால் வேறு வழி இல்லை.

எந்த ஆயில் என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தபட்சம் முறையே 205, 230, 260 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் ஈரம் ஏறியதும் 140, 155, 180 என்று இறங்கிவிடும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும்போது பழைய ஆயில் கொதித்துப் பெடல் பஞ்சாவது இதனால்தான். அதைக் கசிவு என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு; ஆறியதும் பெடல் திரும்பி வந்துவிடும், மட்டமும் குறைந்திருக்காது. தனியாக நிற்பது டாட் 5. அது சிலிக்கான், மற்ற மூன்றோடும் கலக்கக் கூடாது. எண் 5.1-க்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

பிரித்த பிறகு குழாய்களுக்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். நம் ஊர் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால் வழக்கமான வரிசை தூரத்திலிருந்து தொடங்கும்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். குறுக்குச் சர்க்யூட் வண்டிகளில் சிலவற்றுக்கு வரிசை வேறு, கையேடு சொல்வதே முடிவு. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் சில வண்டிகளில் ஸ்கேனர் மாட்டித்தான் எடுக்க முடியும். எடுக்கும்போது டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காலியானால் மறுபடி முதலிலிருந்து.

வேலை முடிந்த அன்று சமதரையில், வண்டி ஆறியிருக்கும்போது, டப்பாவின் மேல் ஆயில் நிற்கும் இடத்தில் மாஸ்கிங் டேப்பில் ஒரு கோடு ஒட்டித் தேதி எழுதுங்கள். வாரம் ஒருமுறை அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரு மாதம் கழித்தும் கோட்டிலேயே நின்றால் சரி. ஒரு மி.மீ. இறங்கினாலும் பூஸ்டர் ஹோஸைத் திரும்பக் கழற்றிப் பாருங்கள், இரண்டு கசிவு ஒரே வண்டியில் இருப்பது அபூர்வமல்ல. மெக்கானிக் டாப்-அப் செய்த மிச்ச ஆயில் பாதி டப்பா டிக்கியில் கிடந்தால் அதை இனி ஊற்றாதீர்கள். திறந்து மாதக்கணக்கான டப்பா ஈரம் குடித்திருக்கும். வேலைக்குப் புதிதாகச் சீல் உடைக்கச் சொல்லுங்கள்.